கருவாட்டைப் பார்த்து மீனைப் படித்த காலம்



கொஞ்சம் நீளமான பதிவு. உயர்தரத்தில் உயிரியலோ இரசாயனவியலோ படிக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால் அவருக்கும் காட்டுங்கள்.

பழைய உயிரியல் புத்தகங்களில் பற்றீரியாவின் படம் ஒன்று இருக்கும். வெளியே கலச்சுவர், அதற்குள்ளே மென்சவ்வு. அந்த மென்சவ்வு ஓரிடத்தில் உள்நோக்கி மடிந்து, சிறிய பை போலச் சுருண்டிருக்கும். பக்கத்தில் அம்புக்குறி போட்டு 'மீசோசோம்' என்று எழுதியிருப்பார்கள். சுவாசம் அங்கேதான் நடக்கிறது, கலம் இரண்டாகப் பிரியும்போது டீ.என்.ஏ.யைப் பங்கிட அது உதவுகிறது என்றெல்லாம் விளக்கமும் இருக்கும். எத்தனையோ பேர் அதை மனனம் செய்து புள்ளி வாங்கினார்கள்.

உயிருள்ள பற்றீரியாவில் அந்தப் பை இல்லை.

1953 இல் சப்மன், ஹில்லியர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் இலத்திரன் நுணுக்குக்காட்டியில் அதைக் கண்டார்கள். 1960 இல் அதற்கு மீசோசோம் என்ற பெயர் வந்தது. அடுத்த இருபது வருடங்கள் அதன் தொழில் என்ன என்று கட்டுரைக்கு மேல் கட்டுரை. 1970களின் கடைசியிலும் 80களின் தொடக்கத்திலும், பற்றீரியாவை மருந்து போட்டுக் கொல்லாமல், கண்ணிமைக்கும் நேரத்தில் உறையவைத்துப் பார்க்கும் முறை வந்தது. அப்படிப் பார்த்தபோது பையைக் காணோம். பற்றீரியாவைப் பதப்படுத்த ஊற்றிய இரசாயனமே மென்சவ்வைச் சுருட்டிவிட்டிருந்தது. இருபது வருடங்களாக விஞ்ஞானிகள் ஆராய்ந்தது, தாங்களே உண்டாக்கிய சுருக்கத்தை.

தரம் 12 பிள்ளை ஒருவர் கலத்தின் படத்தைக் காட்டி, "சேர், இது உயிரோடயா இருக்கு?" என்று கேட்டார். வகுப்பு சிரித்தது. ஆனால் எண்பது வருடங்களுக்கு மேலாகப் பெரிய மூளைகளைத் தூங்கவிடாமல் செய்த கேள்வி அதுதான். இந்தப் பதிவு அந்தக் கேள்வியின் வரலாறு.

முதலில் ஏன் கொல்ல வேண்டியிருந்தது என்று பார்ப்போம். இலத்திரன் மிக இலேசான துணிக்கை. காற்றில் விட்டால் மூலக்கூறுகளில் மோதிச் சிதறிப்போகும், படம் கிடைக்காது. அதனால் இலத்திரன் நுணுக்குக்காட்டியின் குழாய்க்குள் இருக்கும் காற்றைப் பம்பி வைத்து உறிஞ்சி, சாதாரண காற்றமுக்கத்தின் கோடியில் ஒரு பங்கை விடவும் குறைவாக்கிவிடுவார்கள். அந்த வெற்றிடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீரை வைத்தால், அடுப்பே இல்லாமல் கொதித்து ஆவியாகும், மிச்சம் பனிக்கட்டியாகும். கலமோ பத்தில் ஏழு பங்கு தண்ணீர். ஆகவே உள்ளே வைக்கமுன் கலத்தைப் பதப்படுத்தி, அற்ககோலால் நீரை எடுத்து, பிசினில் புதைத்து, ஒரு மில்லிமீற்றரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு தடிப்புக்குச் சீவி, பார உலோகத்தால் சாயமிட்டு, அதற்குப் பிறகுதான் பார்க்கலாம்.

கரையில் இருக்கிற நமக்கு இதை இலகுவாகச் சொல்லலாம். கருவாடு. கருவாடு பொய்யல்ல, அதுவும் மீன்தான். முள் எங்கே, செதில் எப்படி, வால் எவ்வளவு என்று அதில் படிக்கலாம். ஆனால் மீன் எப்படித் திரும்பும், எப்படி நீந்தும் என்பது அதில் இல்லை. கருவாட்டின் தோலில் விழுந்த சுருக்கத்தைப் பார்த்து, மீனுக்கே இப்படி ஒரு உறுப்பு இருக்கிறது என்று எழுதினால் அதுதான் மீசோசோம்.

ஆச்சரியம் என்னவென்றால், நுணுக்குக்காட்டியின் கதை ஈரத்தில்தான் தொடங்கியது. ஒல்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்துப் புடவை வியாபாரி அந்தோனி லீவன்ஹூக், தானே தேய்த்த சிறிய கண்ணாடி வில்லையால் 1674 இல் ஏரித் தண்ணீரைப் பார்த்து, அதற்குள் உயிர்கள் ஓடித்திரிவதைக் கண்டார். 1676 இல் லண்டன் றோயல் சொசைற்றிக்கு அவர் எழுதிய கடிதம் இன்னும் புகழ்பெற்றது. மிளகு ஏன் உறைக்கிறது என்று அறிய அதைத் தண்ணீரில் ஊறப்போட்டு, சில கிழமைகள் கழித்துப் பார்த்திருக்கிறார். உறைப்புக்குக் காரணம் கிடைக்கவில்லை. பற்றீரியா கிடைத்தது. மிளகு அந்த ஊரில் விளைவதில்லை, கிழக்கிலிருந்து கப்பலில் போன சரக்கு. டெல்ஃப்டில் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனிக்கு ஒரு கிளையே இருந்தது. அதே கம்பனிதான் 1638 இல் போர்த்துக்கேயரிடமிருந்து மட்டக்களப்புக் கோட்டையைப் பிடித்தது. நம் பக்கத்து வரலாறும் அவருடைய மிளகுத் தண்ணீரும் அவ்வளவு தூரத்தில் இல்லை.

(ஒரு இடைக்குறிப்பு. பார்வை கண்ணிலிருந்து வெளியே போவதில்லை, பொருளிலிருந்து ஒளிதான் கண்ணுக்கு வருகிறது என்று பஸ்ராவில் பிறந்த இப்னுல் ஹைதம் ஆயிரம் வருடங்களுக்கு முன்பே நிறுவினார். அது உண்மையான பெருமை. அதற்காக நுணுக்குக்காட்டியையும் அவர்தான் செய்தார் என்று வாட்சப்பில் சுற்றவிட வேண்டாம். இருக்கிற பெருமையே போதும்.)

ஒளி நுணுக்குக்காட்டிக்கு ஓர் எல்லை உண்டு. ஒளியின் அலைநீளம் காரணமாக, ஒரு மில்லிமீற்றரில் ஐயாயிரத்தில் ஒரு பங்கை விடச் சிறியதை அது பிரித்துக் காட்டாது. வைரசுகள் பெரும்பாலும் அந்த எல்லைக்குக் கீழே. 1931 இல் பேர்ளினில் மக்ஸ் நொல், ஏர்ன்ஸ்ட் ரஸ்கா இருவரும் ஒளிக்குப் பதிலாக இலத்திரனையும், கண்ணாடி வில்லைக்குப் பதிலாகக் காந்தச் சுருளையும் வைத்து முதல் கருவியைச் செய்தார்கள். 1933 இல் ரஸ்காவின் அடுத்த கருவி ஒளியின் எல்லையைத் தாண்டியது. அதற்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது 1986 இல். ஐம்பது வருடங்களுக்கு மேல் காத்திருப்பு. கூட வேலை செய்த நொல் அதற்குள் மௌத்தாகிவிட்டார்.

கூர்மை வந்தது, ஈரம் போனது. இதை முதலில் உணர்ந்தவர்களில் ஒருவர் பிரஸ்ஸல்ஸில் இருந்த லடிஸ்லாவ் மார்டன். 1934 இல் பூச்சி தின்னும் துரொசெராச் செடியின் இலையை ஒஸ்மியத்தில் ஊறவைத்து, உயிரினம் ஒன்றின் முதல் இலத்திரன் படங்களை எடுத்தவர் அவர். அடுத்த வருடமே ஒரு யோசனை சொன்னார்: மிக மெல்லிய இரண்டு அலுமினியத் தகடுகளுக்கு இடையில் உயிருள்ள பொருளைத் தண்ணீரோடு அடைத்து வைத்தால் என்ன? இலத்திரன் தகட்டை ஊடுருவும், தண்ணீர் வெளியே போகாது. இன்று உலகம் முழுவதும் விற்பனையாகும் 'திரவக் கலன்' என்ற கருவிப்பாகத்தின் மூலம் இந்த யோசனைதான். ஆனால் அன்று முடியவில்லை. வெடிக்காத அளவுக்குத் தடித்த தகடு என்றால் இலத்திரன் போகாது. இலத்திரன் போகிற அளவுக்கு மெல்லியது என்றால் வெற்றிடத்தில் வெடித்துவிடும். 1944 இல் அமெரிக்காவில் ஏப்ராம்ஸ், மக்பெயின் என்ற இருவர் பிளாத்திக்குப் படலங்களால் அப்படி ஒரு மூடிய கலனைச் செய்தார்கள். படம் மங்கல்தான்.

மார்டனுக்கும் நமது துணைக்கண்டத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. யுத்த காலத்தில் அவர் அமெரிக்காவின் ஸ்ரான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் இருந்தார். கல்கத்தாவிலிருந்து நீரஜ்நாத் தாஸ்குப்தா அங்கே போய் அவரிடம் பழகினார். திரும்பி வந்து, மேக்நாத் சாஹாவின் ஆதரவோடு 1940களின் பிற்பகுதியில் கல்கத்தாவில் இலத்திரன் நுணுக்குக்காட்டி ஒன்றைக் கட்டினார். இந்தியாவில் இந்தத் துறையின் தொடக்கம் அது.

வேறு சிலர் பலத்தை நம்பினார்கள். பிரான்சின் துலூஸ் நகரில் கஸ்தோன் டுபூய் 1960 அளவில் பதினைந்து இலட்சம் வோல்ற்று அழுத்தத்தில் இலத்திரனைச் செலுத்தும் ஒரு இராட்சதக் கருவியை, உலோக உருண்டை போன்ற ஒரு கட்டடத்துக்குள் வைத்தார். அந்த வேகத்தில் வரும் இலத்திரன் தடித்த படலத்தையும் துளைக்கும். சிறிய அறைக்குள் காற்றோடு அடைத்த பற்றீரியாவை அதில் பார்க்க முயன்றார்கள். ஊர் முழுக்க அப்படிக் கட்டடம் கட்ட முடியாது என்பதால் அந்த வழி அதிக தூரம் போகவில்லை.

எனக்கு மிகவும் பிடித்த தீர்வு அவுஸ்திரேலியாவில் இருந்து வந்தது. சிட்னியில் உள்ள நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆட்டுக் கம்பளி நாரை ஆராய்ந்துகொண்டிருந்தவர், கிரேக்க நாட்டில் பிறந்த ஜெராசிமோஸ் டனிலாடோஸ். கம்பளி நார் ஈரத்தில் ஒரு மாதிரி, காய்ந்தால் இன்னொரு மாதிரி. காய்ந்ததை மட்டும் பார்த்து என்ன பிரயோசனம்? அதே பல்கலைக்கழகத்தில் ரொபின்சன் என்பவர் ஏற்கெனவே ஈரமான பொருளைப் பார்க்கும் முயற்சியில் இருந்தார். 1979 இல் இருவரும் சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதன் பிறகு டனிலாடோஸ் பல வருடங்கள் இதையே பிடித்துக்கொண்டு நின்றார்.

அவர் தகட்டால் மூடவே இல்லை. துளையைத் திறந்தே விட்டார். வயல் செய்கிறவர்களுக்கு உடனே விளங்கும். ஒரு வரவையில் தண்ணீர் நிற்கிறது, பக்கத்து வரவை காய்ந்திருக்க வேண்டும், ஆனால் வரம்பில் ஒரு வக்கடையை மூடாமல் வைக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வக்கடையை விரலளவுக்குச் சிறிதாக்கி, பக்கத்து வரவையில் ஒரு தண்ணீர்ப் பம்பியை வைத்து, வருகிற தண்ணீரை வர வர இறைத்துக்கொண்டிருந்தால் முடியும். மூன்றாவது வரவையில் இன்னொரு பம்பி வைத்தால் அது இன்னும் காய்ந்திருக்கும். டனிலாடோஸின் கருவியும் அப்படித்தான். மேலே இலத்திரன் துப்பாக்கி இருக்கும் இடத்தில் முழு வெற்றிடம். கீழே பொருள் இருக்கும் அறையில் நீராவி. இடையில் ஊசித்துளைகள், ஒவ்வொரு துளைக்கும் இடையில் ஒரு பம்பி. இலத்திரன் துளை வழியே நேரே இறங்கும். நீராவி மேலே ஏறமுதல் உறிஞ்சப்படும்.

எவ்வளவு நீராவி வேண்டும்? பொருளைக் குளிரவைத்து 0 பாகைக்குக் கிட்டக் கொண்டுவந்தால், சுமார் 611 பாசுக்கால் அமுக்கத்திலேயே தண்ணீர் தண்ணீராக இருக்கும். சாதாரண காற்றமுக்கத்தின் 165 இல் ஒரு பங்குதான் அது. இந்த எண்ணைச் சாதித்ததுதான் வெற்றி. இன்னொரு இலாபமும் வந்தது. கம்பளி, இலை, பூச்சி போன்றவை மின்னைக் கடத்தாதவை. இலத்திரன் பட்டால் ஏற்றம் சேர்ந்து படம் கெடும். அதற்காக முன்பு தங்கப் பூச்சுப் பூசினார்கள். இங்கே சுற்றியுள்ள வாயுவே அந்த ஏற்றத்தை நடுநிலையாக்கிவிட்டது. பொருளிலிருந்து வரும் பலவீனமான சமிக்ஞையைப் பெருக்கவும் அதே வாயு உதவியது. தடை என்று நினைத்தது உதவியாளாக மாறிய இடம் இது. 1980களின் கடைசியில் அமெரிக்கக் கம்பனி ஒன்று இதைச் செய்து விற்கத் தொடங்கியது. இன்று கடதாசி, சீமெந்து, உணவு, மருந்து என்று பல துறைகளின் ஆய்வுகூடங்களில் இந்த வகைக் கருவி இருக்கிறது.

இதுவரை சொன்னது மேற்பரப்பைப் பார்க்கும் கருவி. அணு அளவில் பார்க்க, இலத்திரன் பொருளை ஊடுருவிப் போகும் வகை வேண்டும். அதற்குள் வாயுவை விடுவது இன்னும் கடினம். இங்கேதான் நமது பக்கத்துப் பெண் ஒருவர் வருகிறார்.

பிரதிபா காய் இந்தியாவில் பிறந்து வளர்ந்தவர். 1974 இல் கேம்பிரிட்ஜில் கலாநிதிப் பட்டம், பிறகு ஒக்ஸ்ஃபோர்ட், அதன் பிறகு அமெரிக்காவில் டியூபொன்ற் கம்பனி. அங்கே எட்வர்ட் பொய்ஸ் என்பவரோடு சேர்ந்து 1990களில் அவர் செய்த வேலை இது. நுணுக்குக்காட்டிக்குள் ஒரு சிறிய வாயுப் பெட்டியை நுழைப்பதற்குப் பதிலாக, நுணுக்குக்காட்டியின் நடுப்பகுதியையே அந்தப் பெட்டியாக மாற்றி, ஊசித்துளைகளையும் பம்பிகளையும் பிரதான வில்லைக்குள்ளேயே பொருத்தினார்கள். 1997 இல் அதை விரிவாக வெளியிட்டார்கள். சூடான ஊக்கியின் மேல் வாயு ஓடிக்கொண்டிருக்க, அதன் அணு அடுக்குகளைப் பார்க்க முடிந்தது. 2002 இல் இதையே திரவத்துக்கும் கொண்டுபோனார். அவர் பார்த்தது நைலோன் தயாரிப்பின் ஒரு படி. கோமாரிக் கரையில் காயப்போட்டிருக்கும் வலையின் நூலும் அந்தக் குடும்பம்தான் என்று பிள்ளைகளுக்குச் சொன்னால் இரசாயனவியல் கொஞ்சம் பக்கத்தில் வரும். 2007 இல் இங்கிலாந்தின் யோர்க் பல்கலைக்கழகத்துக்குப் போய், தனி அணுவையே தாக்கம் நடக்கும் நிலையில் பார்க்கும் கருவி வரை கொண்டுவந்தார். 2013 இல் லோரியல்-யுனெஸ்கோ பெண் விஞ்ஞானிகள் விருது, 2016 இல் றோயல் சொசைற்றி அங்கத்துவம், 2018 இல் பிரித்தானியாவின் 'டேம்' பட்டம். நம் பெண் பிள்ளைகளின் விஞ்ஞானப் புத்தகத்தில் மேரி கியூரி இருக்கிறார், இருக்கத்தான் வேண்டும். இந்தப் பெயரும் இருக்கலாம்.

ஊக்கியை வாயுவோடு பார்ப்பதால் என்ன கிடைத்துவிடப் போகிறது என்று கேட்பவர்களுக்கு, 2021 ஐ நினைவுபடுத்தினால் போதும். இரசாயன உர இறக்குமதி நின்று, அம்பாறை மாவட்டத்து வயல்களில் யூரியா இல்லாமல் பட்ட பாடு மறந்திருக்காது. யூரியா அமோனியாவிலிருந்து வருகிறது. அமோனியா, நைதரசனையும் ஐதரசனையும் ஓர் ஊக்கியின் மேல் பெரும் அமுக்கத்தில் செலுத்திக் கிடைப்பது. உலகின் பெருமளவு சோறு அந்த ஊக்கியின் மேற்பரப்பில் நடக்கும் வேலையில் தங்கியிருக்கிறது. டென்மார்க்கின் ஹால்டர் தொப்சோ கம்பனி ஆய்வாளர்கள் 2001 இல், ருத்தேனியம் ஊக்கியோடு பேரியம் சேர்த்தால் ஏன் அமோனியா கூடுதலாக வருகிறது என்பதை, வாயு நிறைந்த இலத்திரன் நுணுக்குக்காட்டியில் பார்த்தார்கள். பேரியம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது அப்போதுதான் அணு அளவில் தெரிந்தது.

அடுத்த வருடம் அவர்களே வெளியிட்ட செப்புத் துணிக்கைகளின் படங்கள் இன்னும் சுவாரசியமானவை. ஐதரசனில் அந்தத் துணிக்கைக்கு முகங்கள் வெட்டிய ஒரு வடிவம். கொஞ்சம் நீராவி சேர்த்தால் அது உருண்டையாகிறது. காபனோரொட்சைட்டு சேர்த்தால் தட்டையாகிறது. பழைய வாயுவை விட்டால் பழைய வடிவத்துக்கே திரும்புகிறது. இதே துணிக்கையை வெற்றிடத்தில் எடுத்துப் பார்த்து 'இதுதான் இதன் வடிவம்' என்று எழுதினால், அது எந்தத் தொழிற்சாலையிலும் இல்லாத ஒரு வடிவம். (நுணுக்குக்காட்டிக்குள் விடும் வாயுவின் அமுக்கம் தொழிற்சாலை அமுக்கத்தின் ஒரு சிறு துளிதான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.)

மார்டனின் 1935 யோசனை கடைசியில் கைகூடியது கணினிச் சில்லுத் தொழிலால். சிலிக்கனில் மிக மெல்லிய, ஆனால் வெடிக்காத யன்னல்கள் செய்யும் திறமை அங்கேதான் வந்தது. 2003 இல் ஐ.பி.எம். ஆய்வுகூடத்தில் பிரான்சஸ் ரொஸ் குழுவினர், இரண்டு யன்னல்களுக்கு இடையில் செப்புக் கரைசலை அடைத்து, மின்னால் செப்பு முலாம் படிவதை நேரடியாகப் படமெடுத்தார்கள். நகைக்கடையில் முலாம் பூசுவது எல்லோரும் பார்த்ததுதான்; அந்தப் படிவின் முதல் மணிகள் ஒவ்வொன்றாக முளைப்பதை இப்படிப் பார்த்தது அவர்கள். 2009 இல் பேர்க்லியில் ஹைமெய் செங் குழுவினர், பிளாற்றினம் நுண்மணிகள் கரைசலுக்குள் வளர்வதையும், இரண்டு மணிகள் மோதி ஒன்றாவதையும் பார்த்தார்கள். 2012 இல் அதே ஊரில் யன்னலுக்கு ஒரே அணுத் தடிப்புள்ள காபன் தாளான கிராபீனைப் பயன்படுத்தினார்கள். அதைவிட மெல்லிய யன்னல் எங்கே கிடைக்கும்!

உறையவைக்கும் வழியும் மறுபக்கம் வளர்ந்தது. தண்ணீரைப் பளிங்காக விடாமல், கண்ணாடி போல நொடிக்குள் உறையவைக்கும் முறையை 1980களின் தொடக்கத்தில் ஜாக் டுபோஷே கண்டார். மீசோசோமைக் கவிழ்த்தவர்களில் அவருடைய குழுவும் ஒன்று. 2017 இல் அவருக்கும் வேறு இருவருக்கும் இரசாயனவியல் நோபல் கிடைத்தது. கொரோனா வைரசின் முள் புரதத்தை 2020 இல் அத்தனை விரைவாகப் படமெடுத்தது அந்த முறையில்தான். கருவாடு அல்ல, ஐஸ் மீன். அசையாது, ஆனால் சுருங்கவும் இல்லை.

சரி, அந்தப் பிள்ளை கேட்ட கேள்விக்கு இன்றைய பதில் என்ன? ஈரத்தோடு பார்க்கலாம். உயிரோடு பார்ப்பதில் இன்னும் சண்டை ஓயவில்லை. இலத்திரன் தண்ணீரில் பட்டால் தண்ணீர் உடைந்து ஐதரசன், ஐதரசன் பேரொட்சைட்டு, இன்னும் கடுமையான மூலிகங்கள் எல்லாம் உண்டாகின்றன. காயத்தில் ஊற்றிக் கிருமியைக் கொல்லும் அதே பேரொட்சைட்டுத்தான். நல்ல படம் ஒன்று கிடைக்கத் தேவையான இலத்திரன் அளவு, ஒரு கலத்தைக் கொல்லப் போதுமான அளவைப் பல மடங்கு தாண்டிவிடுகிறது. உயிருள்ள கலத்தைப் பார்த்தோம் என்று சிலர் அறிவித்தபோது, மற்றவர்கள் கேட்டது இதைத்தான்: முதல் படம் எடுத்து முடிய அது உயிரோடு இருந்ததா? 2009 இல் முழுக் கலத்தையும் திரவத்துக்குள் வைத்து, தங்கத் துணிக்கை ஒட்டிய புரதங்களைப் படமெடுத்துக் காட்டிய நீல்ஸ் டி யொங்கே, இந்தத் துறையின் முன்னோடிகளில் ஒருவர். 2016 இல், உயிருள்ள கலத்தை இலத்திரனால் பார்ப்பது பெரும்பாலும் முடியாத காரியம் என்று எழுதியவர்களில் அவரும் ஒருவர். தன் கருவியின் எல்லையைத் தானே சொல்பவரின் பேச்சை நான் கூடுதலாக நம்புவேன்.

இப்போது பலர் கைக்கொள்ளும் வழி இது: கலம் உயிரோடு இருக்கும்போது ஒளி நுணுக்குக்காட்டியில் அது அசைவதையும் பிரிவதையும் பார்த்துப் பதிந்துகொள்கிறார்கள். பிறகு அதே கலத்தை, அதே தண்ணீரோடு, காயவைக்காமல் இலத்திரனுக்குக் கீழே வைக்கிறார்கள். இலத்திரன் எடுக்கும் முதல் படம்தான் பெறுமதியானது. இரண்டாவது படத்தில் இருப்பது, முதல் படம் எடுத்ததால் மாறிப்போன கலம்.